தொட்டிலும் சுற்றும்

அலைவு இயக்கம், காலமுறை இயக்கம் இரண்டையும் பாடப்புத்தகங்கள் அடுத்தடுத்த வரிகளில் சொல்லிவிடுகின்றன. 'ரெண்டும் ஒண்ணுதானே' என்றுதான் பிள்ளைகளுக்குத் தோன்றும். ரிங்லெட் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு இரண்டும் கண்முன்னால் இருந்தன.

கொழுந்து எடுப்பது காலமுறை இயக்கம். ஒரு மலை முடிந்தால் அடுத்த மலை. சுமார் 3 வாரத்தில் முதல் மலையில் மறுபடி கொழுந்து வந்திருக்கும். அம்மா மறுபடி அங்கே நிற்பார். போன வழியே திரும்பவில்லை, சுற்றி வந்திருக்கிறார். பூமி சூரியனைச் சுற்றுவதும் இதே வகைதான். சம நேரத்தில் அதே நிலை வர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

ஆயாக் கொட்டகையில் ஸ்பிரிங்கில் தொங்கிய துணித் தொட்டிலின் ஆட்டம் அலைவு. அதற்கு ஒரு நடுநிலை உண்டு. கீழே போனால் ஸ்பிரிங் மேலே இழுக்கும். மேலே போனால் பிள்ளையின் எடை கீழே இழுக்கும். பலமாக இழுத்துவிட்டாலும் ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரம் மாறாது. பிள்ளை வளர்ந்து எடை கூடினால் ஆட்டம் மெதுவாகும், நடுநிலையும் சற்றுக் கீழே இறங்கும். ஆயா கையை எடுத்தால் ஆட்டம் சிறுத்துச் சிறுத்து நடுநிலையில் நிற்கும். அப்படிச் சிறுக்கிற அலைவைக் கறாராகப் பார்த்தால் காலமுறை இயக்கம் என்றே சொல்ல முடியாது. பழைய நிலை அப்படியே திரும்புவதில்லையே!

தாத்தா நாகப்பட்டினத்திலிருந்து ரஜுலா கப்பலில் பினாங்கு வந்தவர். சில வருஷம் தோட்டம், பிறகு ஊர், மறுபடி தோட்டம். கலியாணத்துக்குப் போனார், அவர் அப்பா சாவுக்குப் போனார். அதன்பின் கடிதம் மட்டும்தான். அலைவு அடங்கினால் நடுநிலையில்தான் நிற்கும். தாத்தா நின்ற இடம் ரிங்லெட். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக இந்தப் பக்கம் எடை கூடியதில் நடுநிலை நகர்ந்துவிட்டிருந்தது.

அம்மாவை இழுக்க அப்படியோர் ஊர் இருந்ததில்லை. 30 வருஷம் சுற்றினார். ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள், வீடு தோட்டத்துடையது. வெறுமே திரும்பத் திரும்ப வருவதற்கு நடுநிலை தேவையில்லை என்பதன் அர்த்தம் அன்றைக்கு விளங்கியது.

இன்று அதே மலைகளில் பங்களாதேஷ், நேபாளத்து ஆட்கள் வேலை செய்கிறார்கள். ஊருக்குப் போய்த் திரும்பி வருகிறவர்களும் அவர்களில் உண்டு. அவர்களை இழுக்க ஊர் இருக்கிறது.

"எங்கம்மா போறது?" என்று கேட்டேன்.

"தானா ராத்தாவுல வாடகைக்குப் பாருடா. ரொம்ப தூரம் வேணாம்" என்றார்.