கோளாறு யார் பக்கம்?

‘சர்வர் டவுன்’ என்கிற வார்த்தை இப்போது எங்கள் காலனிக் கிழவிகளுக்கும் தெரியும். ரேஷன் கடையில் கைரேகை மிஷின் வேலை செய்யாத நாளெல்லாம் அதைக் கேட்டுப் பழகிவிட்டார்கள். அது யாரையும் குற்றம் சொல்லாத வார்த்தை. மழை வரவில்லை என்பது மாதிரி. அதைவிடப் பொல்லாத வார்த்தை ஒன்று இருக்கிறது: ‘உங்க கம்ப்யூட்டர்லதான் கோளாறு.’ இது நம்மைக் குற்றவாளியாக்கி வீட்டுக்கு அனுப்பும் வார்த்தை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தேசூரில் எங்கள் வீட்டில் இருக்கிற ஒரே கம்ப்யூட்டர், நான் பி.ஏ. படிக்கும்போது 2012-இல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய திட்டம் அது. விண்டோஸ் 7, பாஸ் லினக்ஸ் இரண்டும் போட்டுக் கொடுத்தார்கள். என் எம்.ஏ. ஆய்வேடு, இயக்கத்துத் துண்டறிக்கைகள், தெருவிளக்கு கேட்ட மனுக்கள் எல்லாம் அதில் அடித்தவைதான். பேட்டரி செத்துப் பல வருஷமாச்சு. ஒயர் சொருகினால்தான் உயிர்.

சென்ற வருஷம் அண்ணன் மகளுக்குக் கல்லூரி உதவித்தொகை விண்ணப்பம் போட நாலே நாள் பாக்கி. தளம் திறக்கவில்லை. ‘இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று சிவப்பில் ஒரு எச்சரிக்கை. சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போய்க் கேட்டாள். ‘உங்க கம்ப்யூட்டர்லதான் கோளாறு. மத்தவங்கல்லாம் போட்டுட்டாங்களே’ என்று அனுப்பிவிட்டார்கள். ஊட்டுக்கு வந்தவள் முகம் செத்துப்போயிருந்தது. “நாந்தான் ஏதோ தப்பா பண்றேன்போல, அத்த” என்றாள். அந்தப் பணம் வராவிட்டால் அடுத்த பருவத்துக்குக் கட்டணம் கட்ட வழியில்லை. அவளுக்கு அது தெரியும்.

அப்போது பேசியது அண்ணி. ஆரணிப் பட்டு என்று கடையில் விற்கிற சேலையைக் கூலிக்கு நெய்கிறவர் அவர். “சேலையில பூ மாறி விழுந்தா நாங்க இன்னா பண்ணுவோம்? அட்டையா, பொட்டியா, விழுதா, நூலான்னு ஒண்ணொண்ணாத் தடவிப் பாப்போம். எங்க கோளாறுன்னு தெரியாம தறிய வுட்டு எழுந்திருக்க மாட்டோம். நூலுலயே கோளாறு இருந்தாலும் கூலியில புடிப்பாங்க. அதுக்குன்னே எங்க கோளாறுன்னு பாத்து வச்சிக்கணும்.”

கம்ப்யூட்டருக்கும் இதே கணக்குதான். நம் வீட்டுத் திரையில் ஒரு பக்கம் வந்து விழ வேண்டுமானால் அது பல கை மாறி வர வேண்டும். எந்தக் கையில் நின்றது என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

முதலில், வேறு தளங்கள் திறக்கின்றனவா? திறந்தன. ஆகவே நெட் இருக்கிறது. அடுத்தது, கம்ப்யூட்டரின் மூலையில் இருக்கிற தேதி. எங்கள் மிஷின் 2011-ஆம் வருஷம் என்று காட்டிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட மிஷின்களுக்குள் காசு அளவில் ஒரு சின்ன பேட்டரி தனியாக இருக்கிறது. மின்சாரம் போனாலும் நாள் நேரத்தை ஞாபகம் வைத்திருப்பது அதுதான். அது தீர்ந்தால் தேதி பின்னுக்குப் போய்விடும். பாதுகாப்பான தளங்கள் ஒவ்வொன்றும் ‘நான் இன்னார்’ என்று ஒரு சான்றிதழைக் காட்டுகின்றன. அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. தேதி தப்பாக இருந்தால் நல்ல சான்றிதழும் செல்லாததாகத் தெரியும். மற்ற தளங்கள் திறந்தனவே என்றால், அவை அவள் பார்த்த பழைய ரகத் தளங்கள், சான்றிதழ் கேட்காதவை. தேதியைச் சரிசெய்தோம். சிவப்பு எச்சரிக்கை போயிற்று.

மூன்றாவது, பிரௌசரின் வயது. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாப்ட் ஆதரவை நிறுத்தியது 2020 ஜனவரி 14. அதில் ஓடிய கடைசி குரோம் 109. 2023-இல் அதோடு முடிந்தது. பயர்பாக்ஸ் 115 அதற்குப் பிறகும் ஓடியது. இலவசமாகக் கொடுத்த மடிக்கணினிகள் நம் வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவற்றுக்குத் திறக்கும் கதவுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து வருகின்றன. புது மிஷின் வாங்க முடிகிறவருக்கு இது தெரியவே தெரியாது.

நான்காவது, பெயரை எண்ணாக மாற்றும் விலாசப் புத்தகம். டி.என்.எஸ். என்பார்கள். நாம் தளத்தின் பெயரை அடிக்கிறோம். அதன் எண் விலாசத்தை நமக்கு நெட் கொடுக்கும் கம்பெனி தேடிக் கொடுக்கிறது. அந்தப் புத்தகத்தில் பிழை இருந்தால் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று வேறு புத்தகத்தைக் காட்டிப் பார்க்கலாம். ஐந்தாவது, வேறு கம்பெனி சிம்மில் அதே தளத்தைத் திறந்து பார்ப்பது. 

எல்லாம் செய்தோம். முதல் பக்கம் வந்தது. சாதிச் சான்றிதழ் ஏற்றுகிற பக்கத்தில் 503 என்று ஒரு எண் வந்து நின்றது. பக்கத்து வீட்டுப் போனில், வேறு சிம்மில், அதே 503.

இந்த எண்களை நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டும். 4-இல் தொடங்கினால் கேட்ட விதத்தில் சிக்கல் என்று அர்த்தம். 404 என்றால் அந்த விலாசத்தில் அப்படிப் பக்கம் இல்லை. 403 என்றால் பக்கம் இருக்கிறது, உன்னை விடமாட்டேன். 5-இல் தொடங்கினால் கோளாறு கொடுக்கிறவர் பக்கம். 503 என்றால், இப்போது என்னால் முடியாது என்று சர்வரே ஒத்துக்கொள்கிறது. அலுவலகம் ஒத்துக்கொள்ளாததை அந்த மிஷின் ஒத்துக்கொண்டது.

451 என்றும் ஒரு எண் உண்டு. சட்ட காரணத்தால் மறைக்கப்பட்டது என்று பொருள். 2016-இல் முறைப்படி வந்தது. ஆனால் நம் நாட்டில் தடைசெய்த தளங்கள் பல சமயம் அந்த எண்ணையும் காட்டுவதில்லை. சும்மா திறக்காமல் கிடக்கின்றன. 2025 பிப்ரவரி 15 அன்று மாலையிலிருந்து விகடன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. அமெரிக்கா இந்தியர்களுக்கு விலங்கிட்டுத் திருப்பி அனுப்பிய விஷயத்தில் பிரதமரைக் கேலி செய்த ஒரு சித்திரம்தான் காரணம். அந்தச் சித்திரத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று மார்ச் 6-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. தடை முதலில், கேள்வி பிறகு. கம்பெனிகள்தான் தடையைச் செயல்படுத்துவதால் ஒரு சிம்மில் திறப்பது இன்னொரு சிம்மில் திறக்காமல் போகலாம். அன்று எத்தனை பேர் தங்கள் போனை அணைத்து அணைத்துப் போட்டிருப்பார்கள்!

பொதுவழியில் எல்லோரும் நடக்கலாம் என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தது 1924-இல். தீர்மானம் நிறைவேறியது. ஆனால் நடக்கப் போனவர்களை மறித்த தெருக்கள் அதற்குப் பிறகும் இருந்தன. காகிதத்தில் திறந்த வழி காலுக்குத் திறக்க வேறொரு போராட்டம் வேண்டியிருந்தது. இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையின் பகுதி என்று 2019-இல் பஹீமா ஷிரின் என்ற மாணவியின் வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. விடுதியில் போனுக்குப் போட்ட கட்டுப்பாட்டை எதிர்த்து நின்ற பெண் அவர். அதுவும் காகிதத்தில் இருக்கிறது. 503-க்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அந்த உரிமை எந்த வழியாக வந்து சேரும்?

நாங்கள் ஒரு வழி பார்த்தோம். இரண்டு நாளில் ஒன்பது தடவை முயன்று, ஒவ்வொரு தடவையும் நாள், மணி, எந்த மிஷின், எந்த சிம், என்ன எண் என்று நோட்டில் எழுதினாள். திரையைப் போனில் படம் பிடித்தாள். அதையெல்லாம் சேர்த்து, கடைசித் தேதியை நீட்டிக்க வேண்டும் அல்லது விண்ணப்பத்தைக் கையில் வாங்க வேண்டும் என்று மனு எழுதினோம். அதே அலுவலகம், அதே மேசை. இந்தத் தடவை ‘உங்க கம்ப்யூட்டர்’ என்று ஆரம்பிக்க முடியவில்லை. படித்துப் பார்த்துவிட்டு முத்திரை குத்தி நகல் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் அந்தப் பக்கம் திறந்தது. மனுவால் திறந்ததா, தானாகத் திறந்ததா என்று சொல்ல முடியாது. ஆனால் திறக்காமலே போயிருந்தால், குற்றம் அவள் தலையில் விழாதபடி கையில் ஒரு தாள் இருந்தது.

கம்ப்யூட்டர் படித்த நம் பிள்ளைகள் ஒவ்வொரு காலனியிலும் இருக்கிறார்கள். மாலை நேரப் பாடசாலை நடத்துகிற தோழர்கள் கணக்கோடு, இங்கிலீஷோடு இதையும் ஒரு பாடமாக வையுங்கள். விண்ணப்பக் காலம் வரும்போது ஒரு நோட்டும் பேனாவும் கம்ப்யூட்டர் பக்கத்தில் இருக்கட்டும். நம் பக்கக் கோளாறு என்றால் நாமே சரிசெய்வோம். அவர்கள் பக்கக் கோளாறு என்றால் எண்ணையும் நேரத்தையும் எழுதி, முத்திரை வாங்கி வைப்போம். நம் கூலியில் பிடிக்க விடக் கூடாது.