கணக்கு நோட்டு

ஜூன் மாதம் பிறந்தால் பங்கு இல்லத் திண்ணையில் தாய்மார்கள் வந்து நிற்பர். பிள்ளைகளின் பள்ளிச் செலவு! தோடு ஏற்கெனவே அடகுக் கடையில். நூற்றுக்கு மாதம் 10 ரூபாய் கேட்கும் வட்டிக்காரரிடம் மீண்டும் செல்ல அச்சம். என்னால் இயன்றதைக் கொடுப்பேன். குனிந்த தலையோடு பெற்றுச் செல்வர். அதனை நன்றியுணர்வு என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

தருமபுரி மாவட்டத்தில் 1989-இல் தொடங்கிய மகளிர் குழுக்களைப் பற்றியும், 1992-இல் நபார்டு வங்கி இத்தகைய குழுக்களை ஈடின்றிக் கடன் பெறுமாறு வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியது பற்றியும் அறிந்து, எம் பங்கிலும் 15 பெண்களைச் சேர்த்தேன். வாரம் 20 ரூபாய் சேமிப்பு. கடனுக்கு மாத வட்டி நூற்றுக்கு 2 ரூபாய். அதுவும் அவர்கள் பொது நிதிக்கே திரும்பும். கணக்கு நோட்டை மட்டும் நானே வைத்துக்கொண்டேன். எழுத்தறியாதவர்கள் என்ற நினைப்பு!

ஓராண்டு சென்றபின் மூதாட்டி ஒருவர், "சாமி, நோட்டு எங்ககிட்டயே இருக்கட்டுமே. எட்டாவது படிச்ச எம் மருமக எழுதுவா" என்றார். என் முகம் வாடிற்று. ஆயினும் கொடுத்துவிட்டேன்.

அடுத்த மாதமே ஒருவருக்கு 5,000 ரூபாய் கடன் தருமாறு பரிந்துரைத்தேன். மறுத்துவிட்டனர். பணம் கணவர் கை வழியாக மதுக்கடை போய்ச் சேரும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்; நான் அறியவில்லை. இருவர் பள்ளிக்கே சென்று பிள்ளையின் கட்டணத்தைச் செலுத்தி, அத்தொகையைத் தாயின் பெயரில் கடனாகப் பதிந்து, இரசீதை என்னிடம் காட்டினர்.

"சாமி சொன்னதத் தட்டிட்டோம்னு வருத்தமா?" என்று ஒருவர் கேட்டார். அவர் தலை குனிந்திருக்கவில்லை.