வால்பாறை: சிவப்பு விளக்கு எரிந்தால் யானை!

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை சுமார் 65 கிலோமீட்டர். ஆழியாறு அணையைத் தாண்டியதும் மலைப்பாதை தொடங்கிவிடும். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு என்பதால், குழந்தைகளை எண்ணச் சொல்லிவிடுங்கள், தலைசுற்றல் தெரியாது. ஒன்பதாவது வளைவில் அவசியம் இறங்கிப் பாருங்கள். கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் பாறை ஓரத்தில் வரையாடுகள் நிற்கும்.

சுமார் 3,500 அடி உயரத்தில் இருக்கிற சின்ன ஊர் வால்பாறை. ஒரு கடைவீதி, ஒரு பஸ் ஸ்டாண்டு, சுற்றிலும் தேயிலை. கண்ணுக்குக் குளிர்ச்சியான இந்தப் பச்சை, ஒரு காலத்தில் மழைக்காடாக இருந்த இடம். தேயிலைக்கும் காபிக்கும் வெட்டியது போக, காடு இப்போது தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாக நிற்கிறது.

அப்படி ஒரு துண்டுதான் ஊருக்குப் பக்கத்திலுள்ள புதுத்தோட்டம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத சிங்கவால் குரங்குகளை இங்கே சாலையோரத்திலேயே பார்க்கலாம். அவை தரையிறங்காமல் ரோட்டைக் கடக்க, மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். நாம் பிஸ்கட் நீட்டினால் பாலத்தை விட்டுக் கீழே வந்து வண்டியில் அடிபடும். தயவுசெய்து வேண்டாம்.

ஒருநாள் அந்தி நேரம். எஸ்டேட் லைன் வீடுகளுக்குப் போகும் பாதையில், கம்பத்தின் உச்சியில் சிவப்பு விளக்கு மின்னியது. வேலை முடிந்து வந்த அம்மா ஒருவர் சட்டென்று நின்றுவிட்டார்.

“யானை பக்கத்துல நிக்குதுங்க. இப்பப் போகக் கூடாது” என்றார்.

பகலில் காட்டுத் துண்டுகளிலும் ஆற்றோரத்திலும் தங்கும் யானைகள், இருட்டியதும் தேயிலைக்குள் நடக்கின்றன. அது தெரியாமல் எதிரே போய்ச் சிக்கி உயிரிழந்தவர்கள் பலர். அதனால்தான் காட்டுயிர் ஆய்வாளர்களும் வனத்துறையும் சேர்ந்து, யானை நிற்கும் இடத்தைச் செல்போனில் தமிழிலேயே சொல்லும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். இந்த விளக்கையும் செல்போன் மூலமே எரிய வைக்கலாம். ஊர்க்காரர்களே அதைச் செய்கிறார்கள்.

“பயமா இல்லையாம்மா?”

“இருக்கறது தெரியாத யானைதானுங்க பயம். தெரிஞ்சுட்டா நாம ஒதுங்கிக்கலாம்ல? அதுக்கும் வழி வேணுமே!”

அரை மணி நேரம் கழித்து விளக்கு அணைந்தது. பையை எடுத்துக்கொண்டு அவர் நடந்தார்.

நீங்கள் போவதாக இருந்தால் இரண்டு விஷயம். மழைக்காலத்தில் அட்டை ஏறும். உப்பும் நீளமான சாக்ஸும் எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு தேயிலைக்குள் நடக்காதீர்கள், யானையைக் கண்டால் செல்ஃபி எடுக்க இறங்காதீர்கள். நாம் இரண்டு நாள் விருந்தாளிகள். அந்த அம்மா தினமும் அதே வழியில் வீடு திரும்ப வேண்டும். அந்த யானையும்தான்.