துருவ வானத்தின் கணக்கு

பயன் யாது என்னும் வினா நன்றே. ஆனால் வினவியபின், விடை வருமளவும் காத்திருக்கும் பொறுமை நம்மனோர்க்கு அரிதாகவே உளது. இதற்கு ஒரு சான்று கூறுவோம்.

தென்துருவக் கண்டமாகிய அண்டார்க்டிக்காவில், ஹாலி விரிகுடா என்னுமிடத்தில், 1956ஆம் ஆண்டு பிரிட்டிஷார் ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவினர். ஆங்கிருந்தோர் டாப்சன் என்னும் அறிஞர் அமைத்த கருவியைக் கொண்டு, தலைக்குமேல் உள்ள ஓசோன் வாயுவை அளந்து குறித்து வந்தனர். அவ்வாயு ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் மிகுந்துள்ளது. அது முழுவதையும் தரைமட்டத்திற்குக் கொணர்ந்து பரப்பினால், சுமார் 3 மில்லிமீட்டர் கனமே தேறும். அம்மெல்லிய போர்வையே ஞாயிற்றின் கொடிய புறஊதாக் கதிர்களைத் தடுத்து உயிர்களைக் காக்கின்றது.

ஆண்டுகள் பல கழிந்தன. எண்கள் ஏட்டில் ஏறினவேயன்றிப் புதுமை ஒன்றும் தோன்றவில்லை. பின்னர், துருவத்து வசந்தமாகிய அக்டோபர் மாதத்து அளவு குறையலாயிற்று. 1984இல் அது முன்னைய அளவில் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கிற்று. 1985ஆம் ஆண்டு மே மாதம் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்னும் மூவர் இதனை உலகறிய வெளியிட்டனர்.

வாயுமண்டல ஆராய்ச்சி கற்க விழையும் தம் மகனைத் தடுக்கக் கருதிய நண்பர் ஒருவர், "ஆளில்லாப் பனிவெளியின் வானத்தை அளந்து ஆவதென்ன?" என நம்மை வினவினார். "பழைய ஆண்டுகளின் கணக்கு இல்லையேல், குறைந்தது என்பதை எதனோடு ஒப்பிட்டு அறிவது?" என யாம் வினவினோம். அவர் வாளா இருந்தார்.

கேட்டினை விளைத்ததோ தொலைவிலுள்ள மனிதர் கைப்பொருளே. குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்புக் குப்பிகளிலும் பயன்பட்ட குளோரோஃப்ளோரோகார்பன் என்னும் வாயு ஓசோனை அழிக்கக்கூடும் என்று மொலினா, ரோலண்ட் என்னும் இருவர் 1974இலேயே எச்சரித்திருந்தனர். அதிலிருந்து பிரியும் குளோரின், துருவத்துக் கடுங்குளிரில் உருவாகும் முகில்களால் வீரியம் பெற்று, வசந்தத்தில் கதிரொளி மீண்டதும் ஓசோனைச் சிதைக்கின்றது.

1987இல் மான்ட்ரியல் நகரில் நாடுகள் கூடி, இத்தகைய பொருள்களைக் குறைக்க உடன்படிக்கை செய்தன. சிங்கப்பூரும் மலேசியாவும் 1989இல் அதிற் சேர்ந்தன. நம் இல்லத்துக் குளிர்சாதனப் பெட்டியும் அவ்வாறே மாறிற்று. இவ்வொழுங்கு தொடருமாயின், துருவ வானம் 2066ஆம் ஆண்டளவில் 1980இன் நிலையை எய்தும் என 2022ஆம் ஆண்டின் அறிஞர் மதிப்பீடு கூறுகின்றது.

தோழர்களே! 1956இல் முதல் எண்ணைக் குறித்தவர், அதனாற் பின்னர் விளையவிருந்த நலத்தை அறிந்தாரல்லர். எனினும் பிழையறக் குறித்தார். பயன் கேட்பது நம் உரிமை. ஆயின், உடனடிப் பயன் இல்லை என்பது கொண்டு, அறிவுத்தொழிலை நாடும் இளைஞரின் ஊக்கத்தைக் கெடுப்பது நமக்குத் தகாது.