மூத்தவனா, சிறந்தவனா?

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. மாணவர்களின் கட்டுரை ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்ற சத்தம் கேட்டது.

“டீச்சர், இருக்கீங்களா?”

எட்டிப் பார்த்தேன். என் பழைய மாணவன். ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டில் என்னிடம் படித்தவன். இப்போது செம்பனை ஆலைகளுக்கு இயந்திரம் பொருத்தும் ஒரு கம்பெனியில் மெக்கானிக். அவன் பெயர் வேண்டாம். ‘தம்பி’ என்றே வைத்துக்கொள்வோம். ஏன் அப்படி என்பது போகப் போகத் தெரியும்.

“கொலம்பியாவுக்குப் போறேன் டீச்சர். ரெண்டு வருஷக் கண்ட்ராக்ட். அங்கே புது மில்லு கட்டுறாங்க. அங்கே எல்லாரும் ஸ்பானிய மொழிதான் பேசுவாங்களாம். நீங்கதான் சொல்லிக் கொடுக்கணும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எனக்கே தெரியாதேப்பா!”

“புத்தகம் கம்பெனியில கொடுத்திருக்காங்க. நானே படிச்சா மண்டையில ஏறாது டீச்சர். நீங்க படிச்சு, நம்ம பாஷையில சொன்னா ஏறும்.”

மறுக்க மனம் வரவில்லை. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு நானும் ஒரு மாணவியானேன். வாரம் முழுவதும் நான் படிப்பேன். ஞாயிறு மாலை அவன் வருவான். எழுத்துகளைச் சரியாக ஒலிக்க, புத்தகத்தோடு வந்த ஒலிப்பதிவைக் கைப்பேசியில் போட்டுக் கேட்போம்.

கொலம்பியா தென்னமெரிக்காவில் இருக்கிறது. நம் நாட்டில் செம்பனையை வாணிபப் பயிராக முதன்முதலில் நட்டது 1917-இல், சிலாங்கூரில் உள்ள தென்னமரம் தோட்டத்தில். அதே ஆப்பிரிக்கச் செம்பனை இன்று கொலம்பியாவிலும் பெரும்பயிர். அதன் உற்பத்தியில் தென்னமெரிக்க நாடுகளில் கொலம்பியாவுக்குத்தான் முதலிடம். உலகக் கணக்கில் இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து ஆகியவற்றுக்கு அடுத்த இடம். ஆகவே பாஷைதான் புதிது. தம்பிக்கு வேலை பழகிய வேலை.

வணக்கம், நன்றி, எண்கள் எல்லாம் முடிந்து ஐந்தாம் வாரம் ஒப்பிட்டுப் பேசும் பாடத்துக்கு வந்தோம். அந்தப் பாடத்தைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

மலாய் தெரிந்த நமக்கு இது எளிதாகவே வரும். மலாயில் ‘லெபே திங்கி டாரிபாடா’ என்கிறோம் அல்லவா? ஸ்பானியத்தில் ‘லெபே’ இருக்கும் இடத்தில் ‘மாஸ்’. ‘டாரிபாடா’ இருக்கும் இடத்தில் ‘கே’. ‘எஸ்தா பால்மா எஸ் மாஸ் ஆல்தா கே அகேயா’ என்றால், ‘இந்தப் பனை அந்தப் பனையை விட உயரம்’. ‘குறைவு’ என்று சொல்ல ‘மாஸ்’ போய் ‘மெனோஸ்’ வரும். அது நம் ‘கூராங்’. பெயர்ச்சொல் பெண்பாலானால் ‘ஆல்தா’, ஆண்பாலானால் ‘ஆல்தோ’. உயிரில்லாத பொருளுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு என்பது ஒன்றுதான் நமக்குப் புதுமை.

எண் வந்தால் மட்டும் ‘கே’ போய் ‘தே’ வரும். “இந்தக் குலை 20 கிலோவுக்கு மேலே இருக்கும்னு எப்படிச் சொல்றது டீச்சர்?” என்று அவனே கேட்டான். ‘மாஸ் தே பெயின்தே கிலோஸ்.’ இதை மட்டும் பத்துத் தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டான். எடைக் கணக்கில் தவறு வரக்கூடாதாம்!

இருவரும் சமம் என்றால் ‘தான்... கோமோ’. ‘மி மாத்ரே எஸ் தான் ஆல்தா கோமோ மி பாத்ரே’ என்றால், ‘என் அம்மா அப்பாவின் அளவுக்கே உயரம்’. நம் ‘தான்’ போலவே காதில் விழுவதால் அவனுக்கு உடனே பதிந்துவிட்டது.

அடுத்து, விதிக்கு அடங்காத நான்கு சொற்கள். ‘மெஹோர்’ என்றால் மேலானது; ‘பெஓர்’ என்றால் அதைவிட மோசமானது. ‘மயோர்’ என்றால் மூத்தது. ‘மெனோர்’ என்றால் இளையது. அண்ணன், தம்பி என்று நமக்குத் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. அவர்களுக்கு இரண்டுக்கும் ‘எர்மானோ’ ஒன்றுதான். ஆகவே அண்ணனைச் சொல்ல வேண்டுமானால் ‘எர்மானோ மயோர்’, அதாவது மூத்த சகோதரன், என்றுதான் சொல்ல வேண்டும்.

“எங்கே, உன் குடும்பத்தைப் பற்றிச் சொல்லு பார்ப்போம்” என்றேன்.

அம்மாவைச் சொன்னான். காலமான அப்பாவைச் சொன்னான். பிறகு, “மி எர்மானோ மெஹோர்...” என்று தொடங்கினான்.

“மெஹோர் இல்லப்பா, மயோர். நீ சொன்னதுக்கு ‘என்னைவிடச் சிறந்த சகோதரன்’னு அர்த்தம் ஆயிடும்.”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். “ரெண்டும் ஒண்ணுதானே டீச்சர்!”

அவன் மனத்தில் எந்தக் களங்கமும் இல்லை. குத்திக் காட்டவும் இல்லை. இரண்டும் இரண்டும் நான்கு என்பதைப் போலச் சாதாரணமாகச் சொன்னான். எனக்குத்தான் கையிலிருந்த பேனா நழுவியது.

வாசகர்களே, இங்கே என் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தம்பிக்கு ஓர் அண்ணன். ஒரு வயது மூத்தவன். பெற்றோர் இருவரும் பால்மரம் வெட்டியவர்கள். அண்ணன் என்னிடம் ஆறாம் ஆண்டு படித்து, அந்நாளைய யூ.பி.எஸ்.ஆர். தேர்வில் ஏழு ‘ஏ’ வாங்கினான். தோட்டமே கொண்டாடியது. நானும் தலை நிமிர்ந்து நடந்தேன். அடுத்த ஆண்டு அதே வகுப்புக்குத் தம்பி வந்தான். வந்த முதல் வாரத்திலேயே தொடங்கிவிட்டேன். “உன் அண்ணன் கையெழுத்தைப் பார்த்திருக்கியா? உன் அண்ணன் இந்தக் கணக்கை ரெண்டு நிமிஷத்துல போடுவான். ஒரே வயித்துல பிறந்து இப்படியா?” ரோஷம் வந்தால் படிப்பான் என்று நம்பினேன். பயிற்சிக் கல்லூரியில் பிள்ளை மனம் பற்றிப் பாடமாகவே படித்தவள்தான் நான். சான்றிதழ் பெட்டியில் இருந்தது. நாக்கில் இல்லை.

தம்பி மூன்று ‘ஏ’ வாங்கினான். இன்று நினைத்தால் அதுவும் நல்ல தேர்ச்சிதான். அன்று நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அண்ணனில் பாதி கூட இல்லையே!”

இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு அவன் நின்றுவிட்டான். வெல்டிங் பட்டறையில் சேர்ந்தான். அண்ணன் மேலே படித்துக் கோலாலம்பூரில் வங்கி வேலைக்குப் போனான். இருவரும் இன்றுவரை பாசமாகத்தான் இருக்கிறார்கள். அண்ணன் மேல் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. பிள்ளைகள் போட்டி போடவில்லை. நான்தான் போட்டி வைத்தேன்.

“கம்பெனியில சூப்பர்வைசர் சர்டிபிகேட்டுக்குப் பரீட்சை எழுதச் சொன்னாங்க டீச்சர். மூணு தடவை சொன்னாங்க. நான்தான் பேர் கொடுக்கல. படிப்பு அண்ணனுக்கு, உழைப்பு எனக்குன்னு சின்ன வயசுலேயே தெரிஞ்சு போச்சு” என்றான் தம்பி.

யார் தெரிய வைத்தது? நான் அல்லவா!

“தம்பி, அன்னைக்கு நான் அப்படிப் பேசினது தப்பு. உன்னை அண்ணனோட அளந்து அளந்தே கெடுத்துட்டேன்” என்றேன். குரல் கொஞ்சம் தடுமாறியது.

அவனுக்குச் சங்கடமாகிவிட்டது. எழுந்து நின்றுகொண்டான். “அதை விடுங்க டீச்சர். எங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க.”

‘உண்மையில் உன் அண்ணனை விட நீதான்...’ என்று ஏதோ சொல்லி அவனைத் தேற்ற வாய் வரை வந்தது. நல்ல வேளை, நிறுத்திக்கொண்டேன். அதுவும் அதே தராசுதானே! தட்டு மட்டும் மாறியிருக்கும். ஒருவனை விட மற்றவன் என்று சொல்லும்போதெல்லாம் யாரையோ ஒருவனைக் கீழே விடுகிறோம்.

அடுத்த ஞாயிறு வருவானோ மாட்டானோ என்று பயந்தேன். வந்தான். அன்று ‘எல்லாவற்றிலும் மேலான’ என்று சொல்லும் பாடம். மலாயில் ‘பாலிங்’ என்போமே, அது. ஸ்பானியத்தில் அதற்குத் தனிச் சொல் கிடையாது. அதே ‘மாஸ்’ முன்னால் ‘எல்’ அல்லது ‘லா’ வந்தால் போதும். பின்னால் ‘தே’ போட்டு எதற்குள் என்று சொல்லுவார்கள். ‘எல் கினபாலு எஸ் லா மொந்தாஞா மாஸ் ஆல்தா தே மலாசியா.’ கினபாலு மலேசியாவிலேயே உயரமான மலை. 4,095 மீட்டர். ‘தே மலாசியா’ என்பதுதான் வேலி. அமெரிக்கக் கண்டங்கள் என்று வேலியைப் பெரிதாக்கினால் அர்ஜென்டினாவின் அகொன்காகுவா வந்துவிடும்; 6,961 மீட்டர். உலகம் என்றால் எவரெஸ்ட்.

“அப்போ வேலியை மாத்தினா முதல் ஆளும் மாறிடுவான், இல்லையா டீச்சர்?” என்றான் தம்பி.

இதை அவன் கேட்டான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவனைப் பிடித்து ஏழு பாடம் என்ற வேலிக்குள் நிறுத்தி அளந்தவள் நான். இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே எங்கே பழுது என்று சொல்லுகிற காது அவனுக்கு. அந்தக் காது எந்தப் பரீட்சையில் எட்டாவது பாடமாக இருந்தது?

இன்னொன்றும் அன்று படித்தோம். யாரோடும் ஒப்பிடாமலேயே ஒன்றை உயர்த்திச் சொல்ல ‘ஈசிமோ’ என்ற விகுதி உண்டு. ‘ஆல்தோ’ உயரம், ‘ஆல்தீசிமோ’ என்றால் மிக மிக உயரம். யாரை விட என்ற கேள்வியே இல்லை. நம்மிடம் இல்லையா என்ன? சின்னஞ்சிறிய, கன்னங்கரிய, பச்சைப் பசேல் என்கிறோமே! நம் பாட்டிமார் பேரப்பிள்ளையைக் கொஞ்சும்போது அடுத்த வீட்டுப் பிள்ளையை அளவுகோலாகக் கொண்டு வந்ததில்லை.

தம்பி போய்ச் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. போன மாதம் கைப்பேசியில் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தான். ‘லாஸ் பால்மாஸ் தே அகீ சோன் தான் ஆல்தாஸ் கோமோ லாஸ் நுவெஸ்த்ராஸ்.’ இங்குள்ள பனைகள் நம் பனைகளின் அளவுக்கே உயரம் என்று பொருள். பன்மைக்கு ‘ஆல்தாஸ்’ என்று சரியாகச் சொல்லியிருந்தான். கடைசியில் தமிழில், “திரும்பி வந்ததும் அந்தப் பரீட்சைக்குப் பேர் கொடுக்கப் போறேன் டீச்சர்” என்றான். இரண்டு தரம் போட்டுக் கேட்டேன்.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் ஒப்பிடும் பழக்கம் நின்றபாடில்லை. அண்மையில் தேர்ச்சி அறிக்கை வாங்க ஒரு தாய் வந்திருந்தார். உரம் போடும் வேலையை முடித்துவிட்டு அவசரமாக ஓடி வந்தவர். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, “இவ அக்காவை விட மக்கு டீச்சரம்மா” என்றார். அந்தப் பிள்ளை தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அக்காவின் பேச்சையே எடுக்கவில்லை. அந்தச் சிறுமியின் ஏட்டை எடுத்து, ஆண்டுத் தொடக்கத்தில் அவள் எழுதிய பக்கத்தையும் நேற்று எழுதிய பக்கத்தையும் அருகருகே விரித்து வைத்தேன். “நீங்களே பாருங்கம்மா” என்றேன். தாய் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மகளின் தலையை மெல்லத் தடவினார்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டிலும் மூத்தது இருக்கும், இளையது இருக்கும். அது பிறந்த வரிசை. அதைத் தர வரிசையாக்கிவிடாதீர்கள். மயோர் வேறு, மெஹோர் வேறு. இதை நான் தெரிந்துகொள்ள ஸ்பானிய மொழி வரை போக வேண்டியிருந்தது. நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம்.