அங்கே யார் இருக்கிறார்கள்?

வேனிலை இளவேனில், முதுவேனில் என்று இரண்டாகப் பிரித்தவர்கள் வெயிலின் வயதை அறிந்தவர்கள்தாம். ஆயினும் குளித்தலையில் சித்திரை மாத நண்பகலில் நின்றவர் எவரும் அதை இளமையான வெயில் என்று சொல்லத் துணியமாட்டார். பெரும்பொழுதுகளைப் பாடம் நடத்தும்போது மாணவர்கள் இதைக் கேட்பதுண்டு. மாம்பூவையும் குயிலையும் காட்டி அவர்களைச் சமாதானப்படுத்துவேன். 2023ஆம் ஆண்டு சித்திரையின் நடுவில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் போய் இறங்கியபோதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருத்தமான பருவம் ஒன்றை உடம்பால் உணர்ந்தேன். வெயில் இருந்தது, சுடவில்லை. ஆப்பிள் மரங்கள் பூத்திருந்தன. மாலை எட்டு மணிக்கும் வெளிச்சம் வடியவில்லை.

வேனில் பாலைத் திணைக்கு உரிய பொழுது. பாலைக்கு உரிய ஒழுக்கம் பிரிவு. என் தங்கை பதினான்கு ஆண்டுகளுக்கு முன் பொருள்தேடிப் பிரிந்து போனவள். (தலைவி பொருள்வயிற் பிரிவதற்கு நம் இலக்கணத்தில் துறை வகுக்கப்படவில்லை.) அங்கே ஒரு மருத்துவமனையில் செவிலியாகப் பணிபுரிகிறாள். மாப்பிள்ளைக்குச் சரக்குக் கிடங்கு ஒன்றில் வேலை. பிள்ளைகள் இருவர். கல்லூரி விடுமுறை தொடங்கியதும் எழுபத்திரண்டு வயது அம்மாவை அழைத்துக்கொண்டு நான் போயிருந்தேன். மனைவிக்கு விடைத்தாள் திருத்தும் பணி இருந்ததால் வரவில்லை.

அந்த ஆண்டு மே மாதம் அந்நாட்டில் மூன்று திங்கட்கிழமைகள் விடுமுறை. 1ஆம் தேதியும் 29ஆம் தேதியும் வழக்கமானவை. 8ஆம் தேதி மன்னர் சார்லஸ் முடிசூட்டு விழாவுக்காகக் கூடுதலாகத் தரப்பட்டது. இவற்றை வங்கி விடுமுறை என்கிறார்கள். 1871ஆம் ஆண்டில் சர் ஜான் லபக் கொண்டுவந்த சட்டத்திலிருந்து இந்தப் பெயர் வந்தது. அவர் வங்கியாளர், நாடாளுமன்ற உறுப்பினர், டார்வினின் அண்டை வீட்டுக்காரர், எறும்புகளை ஆராய்ந்தவர். ஓயாமல் உழைப்பதற்கு உவமை சொல்லப்படும் பூச்சியைக் கண்ணாடிக் கூட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் மனிதர்களுக்கு ஓய்வு நாள் வாங்கிக்கொடுத்தார் என்பதை எண்ணினால் வியப்பாகத்தான் இருக்கிறது. மக்கள் அந்நாட்களை விளையாட்டாகப் 'புனித லபக் நாள்' என்று அழைத்தார்களாம்.

செவிலிக்கு விடுமுறை நாள் என்பது நாட்காட்டியில் இல்லை, பணிமுறைப் பட்டியலில் இருக்கிறது. தங்கை அதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்த வில்லையால் ஒட்டி வைத்திருந்தாள். அவளுக்கு ஓய்வு, மாப்பிள்ளைக்கு விடுப்பு, பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை என்ற மூன்றும் கூடும் நாட்களைப் பச்சை மையால் வட்டமிட்டிருந்தாள். நாங்கள் தங்கிய ஆறு வாரங்களில் முழுமையான வட்டங்கள் இரண்டு. பாதி வட்டம் ஒன்று. அந்த மூன்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் பயணத்துக்கு முந்தைய இரவு அம்மா கேட்டாள்: "நாளைக்குப் போறோம்கிறியே, அங்க யாருப்பா இருக்கா?"

யாரும் இல்லை, ஒரு காடு இருக்கிறது என்றேன். அம்மாவுக்கு அது விளங்கவில்லை. அவள் வாழ்நாளில் போன ஊர்களிலெல்லாம் ஓர் உறவினரோ ஒரு தெய்வமோ இருந்து வரவேற்றிருக்கிறார்கள். கல்யாணம், காதுகுத்து, துக்கம், வேண்டுதல் என்று ஒன்று இருக்கவேண்டும். வெறுமனே வெளியே போகும் வழக்கம் நம்மிடம் இல்லவே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆடிப்பெருக்கன்று கட்டுச்சோறு கட்டிக்கொண்டு காவிரிக் கரைக்குப் போகாத குடும்பம் எங்கள் பக்கத்தில் இல்லை. வையையில் புதுவெள்ளம் வந்தபோது மதுரையே திரண்டு போனதைப் பரிபாடல் பாடுகிறது. ஆனால் அவையும் ஊரே ஒரு நாளைக் குறித்துக்கொண்டு போவது. ஒரு குடும்பம் தனக்குத் தோன்றிய நாளில், தன்னை அறியாத ஓர் இடத்துக்கு, யாரும் எதிர்பார்க்காமல் போய்வருவது வேறு.

பிரிட்டனிலும் அது பழைய வழக்கம் அன்று. லெஸ்டர் ரயில் நிலையத்தின் வெளியே தாமஸ் குக்கின் சிலை நிற்கிறது. 1841 ஜூலை 5ஆம் தேதி ஏறத்தாழ ஐந்நூறு பேரை ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் அவர் அந்நகரிலிருந்து லஃப்பரோவுக்கு ரயிலில் அழைத்துச் சென்றார். சுற்றுலாத் தொழிலின் தொடக்கங்களுள் ஒன்றாக அதைச் சொல்வார்கள். அந்தப் பயணத்துக்கும் ஒரு காரணம் தேவைப்பட்டது: அவர்கள் மதுவிலக்குக் கூட்டத்துக்குப் போனார்கள். (அவர் பெயரால் நடந்த நிறுவனம் 2019இல் திவாலாகி மூடப்பட்டது. சிலை கைப்பையோடும் குடையோடும் இன்னும் நிற்கிறது.)

ஏப்ரல் 30, ஞாயிறு. மறுநாள் திங்கட்கிழமை தங்கைக்குப் பணி. நகரிலிருந்து அரைமணி நேரத் தொலைவில் உள்ள சுவித்லண்டு காட்டுக்குப் போனோம். ஓக் மரங்கள் அப்போதுதான் தளிர்விட்டுக்கொண்டிருந்தன. அவற்றின் அடியில் தரை முழுவதும் நீலம். காட்டுக்குள் நுழைந்ததும் அம்மா நின்றுவிட்டாள். "உள்ள குளமா இருக்கு?" என்றாள். தொலைவிலிருந்து நீர்ப்பரப்பாகவே தெரிந்தது. நெருங்கினால் தலைகவிழ்ந்த மணிகளாகப் பல்லாயிரம் பூக்கள். புளூபெல் என்பது பெயர். மரங்கள் இலை நிறைந்து மேலே கூரை வேய்ந்துவிட்டால் தரைக்கு வெளிச்சம் கிடைக்காது. அதற்குமுன் சில வாரங்களில் பூத்து, அடுத்த ஆண்டுக்கான உணவைக் கிழங்கில் சேர்த்துவைத்துக்கொள்ளவேண்டும். பரவுவதற்கு நெடுங்காலம் பிடிக்கும் செடி. ஆகவே அது அடர்ந்து பூத்திருந்தால் அந்தக் காடு பல நூற்றாண்டுகளாக அழியாமல் இருக்கிறது என்று கணிக்கிறார்கள்.

அம்மா பூசைக்கு இரண்டு பூக்கள் பறிக்கக் குனிந்தாள். பத்து வயது மருமகள் ஓடிவந்து தடுத்தாள்.

"பறிக்கக்கூடாது அம்மாயி."

"சாமிக்குக்கூடவா?"

"சாமி இங்கயே வந்து பாத்துக்கட்டும்."

அம்மா சிரித்துவிட்டாள். நில உரிமையாளரின் அனுமதியின்றிக் கிழங்கைத் தோண்டி எடுப்பது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்று மாப்பிள்ளை விளக்கினார். பூவைப் பறிப்பதைவிட இலையை மிதிப்பது செடிக்குக் கேடு என்றும் சொன்னார். அதன்பின் அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாதையின் நடுவிலேயே நடந்தாள்.

அருகில் பிராட்கேட் பூங்கா. மான்கள் திரியும் பாறைநிலம். நடுவே செங்கல் இடிபாடாக ஒரு மாளிகை. ஒன்பது நாட்கள் அரசியாக இருந்து 1554இல் தலை வெட்டப்பட்ட ஜேன் கிரேயின் குடும்ப வீடு அது. நம் பயணக் கட்டுரையாளர்கள் இத்தகைய இடங்களில் அரசியைப் பற்றி நான்கு பக்கம் எழுதுவார்கள். எனக்கு சார்லஸ் பென்னியனைப் பற்றிச் சொல்லவே விருப்பம். காலணி செய்யும் இயந்திரங்களைத் தயாரித்த தொழிலதிபர். 1928இல் இந்தப் பூங்காவை விலைக்கு வாங்கி லெஸ்டர்ஷைர் மக்களுக்கு என்றென்றைக்கும் உரியதாக எழுதிக்கொடுத்தார். நாங்கள் போன அன்று அங்கே பாதிப் பேர் குஜராத்திக் குடும்பத்தினர். உகாண்டாவிலிருந்து 1972இல் துரத்தப்பட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளாக இருக்கக்கூடும். புல்வெளியில் விரிப்பு விரித்துத் தேப்லாவும் ஊறுகாயும் தின்றுகொண்டிருந்தார்கள். எங்கள் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தபோது பக்கத்து விரிப்பிலிருந்த பாட்டி அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

இரண்டாவது பயணம் மே 8. காலையிலிருந்தே தூறல். போகவேண்டுமா என்று நான் தயங்கினேன். இங்கே மழைக்குப் பயந்தால் வீட்டிலேயேதான் கிடக்கவேண்டும் என்று தங்கை நெகிழிச் சட்டைகளை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு மணிநேரம் வண்டியோட்டி, பீக் மாவட்டத்தின் ஹேஃபீல்டு என்னும் சிற்றூரை அடைந்தோம். கருங்கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கிய வேலிகள், அவற்றுக்குள் தாயின் வயிற்றில் முட்டும் ஆட்டுக்குட்டிகள், மேலே மேகத்துக்குள் தலைமறைந்த கிண்டர் ஸ்கௌட் மலைமேடு. உயரம் 636 மீட்டர்தான். ஆனால் அதன் கதை பெரிது.

மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆலைகளில் வாரம் முழுவதும் உழைத்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கண்ணெதிரே தெரிந்த மலை இது. ஏற முடியாது. கிரௌஸ் என்னும் பறவையை ஆண்டில் சில நாட்கள் சுடுவதற்காகப் பிரபுக்கள் ஆண்டு முழுவதும் காவல் போட்டிருந்தார்கள். 1932 ஏப்ரல் 24ஆம் தேதி ஏறத்தாழ நானூறு பேர் ஹேஃபீல்டிலிருந்து புறப்பட்டுத் தடையை மீறி ஏறினார்கள். முன்னின்றவர் பென்னி ராத்மன், வயது இருபது. காவலர்களோடு கைகலப்பு ஏற்பட்டது. இறங்கி வந்தபோது கைது செய்தார்கள். ஐந்து இளைஞர்களுக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை. அத்துமீறி நடந்ததற்காக அன்று; அது அந்நாட்டில் அப்போது குற்றவியல் குற்றமே அன்று. கலகம் செய்தார்கள் என்று வழக்கு. பின்னர் 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951இல் இந்தப் பகுதியே முதல் தேசியப் பூங்காவாயிற்று. மலையிலும் திறந்த மேட்டுநிலத்திலும் எவரும் நடக்கலாம் என்ற உரிமை 2000ஆம் ஆண்டில்தான் சட்டமாயிற்று. அதுவும் இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 8 விழுக்காட்டுக்குத்தான்.

அவர்கள் கூடிய கற்சுரங்கம் இப்போது வண்டி நிறுத்துமிடம். பாறையில் ஒரு நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள். மழைநீர் வழிந்துகொண்டிருந்த அதை நான் படித்துச் சொல்ல, அம்மா கேட்டுவிட்டு, "நடக்கறதுக்கா செயிலுக்குப் போனாங்க?" என்றாள். பிறகு, "நம்ம ஊர்லயும் அப்படித்தானே, எந்தத் தெருவுல யார் நடக்கலாம்னு இருந்துச்சு" என்று தானாகவே சொன்னாள். எங்கள் வீட்டில் இதுபற்றி அம்மா பேசி நான் கேட்டதில்லை. வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராடி 1924இல் பெரியார் சிறை சென்றதைச் சொன்னேன். அம்மா பதில் சொல்லவில்லை.

அம்மாவும் நானும் ஓடைக்கரையோடு நீர்த்தேக்கத்தின் பக்கமாகச் சிறிது தொலைவு நடந்தோம். மற்றவர்கள் மலையில் பாதிவரை போய்த் தொப்பலாக நனைந்து திரும்பினார்கள். எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் வணக்கம் சொன்னார்கள். நகரத்தில் அடுத்த வீட்டுக்காரர்கூட அப்படிச் சொல்வதில்லை என்று தங்கை சொன்னாள். அன்று அந்தப் பாதையில் எங்களைத் தவிர மாநிறத்தவர் ஒருவரையும் நான் காணவில்லை. உரிமை சட்டத்தில் இருப்பது ஒன்று, அது நமக்கும் உண்டு என்று தோன்றுவது இன்னொன்று. தங்கைக்கு அது தோன்றப் பத்தாண்டுகள் ஆயினவாம். முதல் சில ஆண்டுகள் ஓய்வு நாளென்றால் ஊருக்குத் தொலைபேசியில் பேசி, அழுது, உறங்கிக் கழித்தாளாம். போவதற்கு வீடுகள் இல்லாத ஊரில் எங்கே போவது? பிறகு மகள் பள்ளியில் சேர்ந்து, வார இறுதியில் என்ன செய்தாய் என்று ஆசிரியை திங்கட்கிழமைதோறும் கேட்கத் தொடங்கியபின் வெளியே கிளம்பினார்கள்.

மூன்றாவது, மே 29. அதுதான் பாதி வட்டம். முந்தைய இரவு தங்கைக்கு இரவுப்பணி. ஆனால் பிள்ளைகளின் அரைப்பருவ விடுமுறையில் மாப்பிள்ளைக்குக் கிடைத்தது அந்த ஒரு நாள்தான். பள்ளி நாட்களில் பிள்ளைகளை அழைத்துப் போனால் பெற்றோருக்கு அபராதம். ஆகவே காலை எட்டரைக்கு மருத்துவமனை வாசலில் போய் அவளை ஏற்றிக்கொண்டு அப்படியே ஸ்கெக்னஸ் கடற்கரைக்குப் புறப்பட்டோம். பணிச்சீருடையின் மேலேயே மேலங்கி போட்டுக்கொண்டாள். நகரெல்லை தாண்டுவதற்குள் உறங்கிவிட்டாள்.

லெஸ்டர்க்காரர்களுக்கு அது பாட்டன் காலத்துக் கடல். பின்னலாடை, காலணித் தொழிற்சாலைகள் ஜூலையில் இரண்டு வாரம் ஒருசேர மூடப்பட்ட காலத்தில் குடும்பம் குடும்பமாக அந்தக் கரைக்குத்தான் போவார்களாம். 1873இல் ரயில் வந்தது. 1908இல் ஜான் ஹாசல் வரைந்த சுவரொட்டியில் ஒரு கிழட்டு மீனவர் கரையில் துள்ளிக் குதிக்கிறார். ஊரின் வெயிலைப் புகழ முடியாமல் காற்றைப் புகழ்ந்து விளம்பரம் செய்தார்கள். 1936இல் பில்லி பட்லின் தம் முதல் விடுமுறை முகாமை அங்கே திறந்தார். கூலியோடு விடுமுறை என்பது 1938ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் இடம்பெற்றது. இன்று முழுநேரப் பணியாளருக்கு, வங்கி விடுமுறைகளையும் சேர்த்தே, ஆண்டுக்கு 28 நாட்கள்.

கடல் உள்வாங்கியிருந்தது. ஈரமணலில் நெடுந்தொலைவு நடந்தால்தான் நீர். அதற்கப்பால் காற்றாலைகள் வரிசையாகச் சுழன்றன. பிள்ளைகள் என்னையும் தங்கள் தந்தையையும் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். தமிழ் இலக்கியத்தின் புகழ்பெற்ற கடற்கரை உலா இந்திர விழா முடிவில் கோவலனும் மாதவியும் போனது. அது பிரிவில் முடிந்தது என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். "நாங்க யாழ் எடுத்துட்டு வரல மச்சான்" என்றார். அவர் படித்தது கணிதம். இருந்தாலும் சிலப்பதிகாரம் தெரிந்திருக்கிறது.

உருளைக்கிழங்கு வறுவலை வினிகர் வாசனையோடு காகிதப் பொட்டலத்தில் வாங்கிக்கொண்டு நாங்கள் திரும்பியபோது தங்கை விரிப்பில் ஒருக்களித்துப் படுத்து உறங்கிக்கொண்டிருந்தாள். வெயில் இருந்தும் காற்றில் குளிர் குறையவில்லை. அம்மா தன் சால்வையை அவள்மேல் போர்த்திவிட்டு, காற்று வரும் பக்கமாகக் கடலுக்கு முதுகுகாட்டி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் வெயில் படாமல் குடையை விரித்துப் பிடித்திருந்தாள்.

"கடலப் பாக்கலியாம்மா?" என்றேன்.

"அது எங்க போயிடப் போவுது. இவ தூங்கி நான் பாத்துப் பதினாலு வருசமாச்சு."

கை மாற்றிக்கொள்கிறேன் என்று குடையைக் கேட்டேன், தரவில்லை. வறுவலுக்கு எலுமிச்சை ஊறுகாய் தொட்டுத் தின்றோம். பிள்ளைகள் சத்தம் போடாமல் மணலில் வாய்க்கால் வெட்டினார்கள். வண்டி நிறுத்தக் கட்டணச் சீட்டின் நேரம் முடிய இருபது நிமிடங்கள் இருந்தபோது அவளை எழுப்பினோம்.