அமாவாசைச் சோறு

மொஹாவிப் பாலைவனத்துக்கு அமாவாசை பார்த்துத்தான் போனோம். நிலா இல்லாத இரவில் அங்கே வானம் முழுதாகத் தெரியும். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு அமாவாசை என்றால் வேறு கணக்கு. அப்பா போன பிறகு வந்த எந்த அமாவாசையிலும் காக்கைக்கு வைக்காமல் அவள் சாப்பிட்டதில்லை.

நாங்கள் போனது அந்தப் பாலைவனத்தின் ஒரு பகுதி. கலிபோர்னியாவில், 1994-ல் தேசியக் காப்பகமான 16 லட்சம் ஏக்கர் நிலம். உள்ளே பெட்ரோல் பங்க் கிடையாது. நாங்கள் தங்கிய இடத்தில் குழாய், கழிப்பறை, குப்பைத்தொட்டி எதுவும் இல்லை. முன்பு யாரோ தங்கியதற்கு அடையாளமாகக் கரி படிந்த கல்வட்டம் ஒன்று மட்டும். அப்படி ஏற்கெனவே மிதிபட்ட இடத்தில்தான் கூடாரம் போட வேண்டும்.

"அங்க எவ்வளவு சுத்தமா இருக்கு, அங்க விரிக்கலாமே" என்று அம்மா பத்தடி தள்ளிக் காட்டினாள். அந்தச் சுத்தம்தான் தொடக்கூடாதது. மேல்மண்ணில் கருமையாக ஒரு பொருக்கு படர்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத பாசி இழைகள் மணலைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கின்றன. ஒரு செருப்புத் தடம் போதும், அது நொறுங்க. திரும்பக் கூடுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். 1942-ல் அமெரிக்க ஜெனரல் பேட்டன் இந்தப் பாலைவனப் பகுதியில்தான் டாங்கிப் படைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். அந்த டாங்கிகளின் தடங்கள் இன்றும் சில இடங்களில் தெரிகின்றன.

ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் என்பார்கள். நான் இரு மடங்கு ஏற்றியிருந்தேன். விறகும் கொண்டுபோனதுதான், அங்கே சுள்ளி பொறுக்கக் கூடாது. ஒதுங்குவதற்கு ஒரு சாண் ஆழத்தில் குழி. கொல்லைக்குப் போய் வளர்ந்த அம்மாவுக்கு அதில் சங்கடமில்லை. துடைத்த காகிதத்தைப் பையில் கட்டி வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும் என்றதும்தான், "மண்ணோட மண்ணா மட்கிடாதா?" என்றாள். மட்குவதற்கு ஈரம் வேண்டுமே.

உச்சிவேளையில் டிபன் பாக்ஸைத் திறந்தோம். எங்கிருந்தோ இரண்டு அண்டங்காக்கைகள் வந்து கல்மேல் உட்கார்ந்தன. அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாருடி, இத்தனை தூரம் தேடி வந்திருக்கு" என்று ஒரு கவளத்தை உருட்டினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதைச் சொல்ல எனக்கு மனமே வரவில்லை. ஆனாலும் சொன்னேன். மனிதர்கள் கொட்டும் எச்சிலையும் குப்பையையும் தின்று இந்தப் பறவைகள் மொஹாவியில் பல மடங்கு பெருகிவிட்டன. பசித்தால் அவை பாலைவன ஆமைக் குஞ்சுகளைக் கொத்தித் தின்னும். முதல் சில ஆண்டுகள் குஞ்சின் ஓடு நகம்போல் வளையும். அலகுக்கு முன் அது நிற்காது. அழியும் நிலையை நெருங்கும் உயிர் என்று 1990-லேயே அரசு பட்டியலிட்ட ஆமை அது. சோறு கிடைக்கும் என்று காக்கை கற்றுக்கொண்ட இடத்துக்குப் பக்கத்தில்தான் அதன் வளையும் இருக்கிறது.

அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "குஞ்சு எவ்வளவு பெரிசு இருக்கும்?" என்று கேட்டாள்.

"உன் உள்ளங்கையில பாதி."

கவளம் இருந்த உள்ளங்கையைப் பார்த்தாள். சோற்றை டிபன் பாக்ஸிலேயே போட்டு மூடினாள். எழுந்து, தெற்கு எது என்று கேட்டுத் திரும்பி நின்று, கண்மூடிக் கும்பிட்டாள். வந்து உட்கார்ந்து அந்தச் சோற்றையே சாப்பிட்டாள். கீழே சிந்திய நாலு பருக்கையையும் விரலால் ஒற்றி எடுத்தாள். காக்கைகள் சற்று நேரம் இருந்துவிட்டுப் பறந்துபோயின.

அன்றிரவு வானத்தைப் பார்த்தபடி அவள் எப்போது தூங்கினாள் என்று எனக்குத் தெரியாது. காலையில் குப்பைப் பைகளை ஏற்றிவிட்டுச் சாவியைப் போடப் போனேன். "இருடி" என்றாள். நிழலுக்காக ஆமைகள் வண்டிக்கு அடியில் வந்து படுக்கும் என்று போகிற போக்கில் நான் சொல்லியிருந்தேன். எழுபது வயதில், மூட்டுவலியோடு, புடவையைச் செருகிக்கொண்டு மண்டியிட்டு, நான்கு சக்கரங்களுக்கும் பின்னால் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.